பெசாக் இரவும் இரண்டு பிள்ளைகளும்

2022 ஏப்ரலில் பெரியவனுக்கு நான்கு வயது. யூதர்களின் பெசாக் பண்டிகையின் முதல் இரவு, மாமனார் வீட்டு மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். மூன்று வாரமாக அவனுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தோம். ‘மா நிஷ்தனா’ என்று தொடங்கும் நான்கு கேள்விகள். இருப்பவர்களில் யார் இளையவரோ அவர் அதைப் பாடிக் கேட்க வேண்டும். பெரியவர்கள் பதிலாக எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்ல வேண்டும். சின்னவள் அப்போது கைக்குழந்தை, அதனால் அந்த இடம் அவனுடையது. குளிக்கும்போதும் பாடினான், காரிலும் பாடினான்.

ஆனால் முறைப்படி இருட்டிய பிறகுதான் தொடங்கலாம். ஏப்ரல் நடுவில் நியூ ஜெர்சியில் நன்றாக இருட்டுவதற்குள் மணி எட்டைத் தாண்டிவிடும். முதல் கோப்பைக்கான ஆசி, கை கழுவுதல், உப்புத் தண்ணீரில் கீரை என்று ஒவ்வொன்றாகப் போய் அவன் முறை வந்தபோது, நாற்காலிக் கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். எழுப்பப் போன என்னை மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். நான்கு கேள்விகளையும் அவரே பாடினார். எழுபது வயதுக்காரர், ஒரு சின்னப் பிள்ளையின் பாட்டை, அவன் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது, “என் பாட்டு எப்போம்மா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டு செடர்.

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்தப் பண்டிகை பஸ்கா என்ற பெயரில் தெரியும். பார்வோனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர் மோசேயோடு வெளியேறியதை நினைக்கும் நாட்கள். முதல் இரவிலும், இஸ்ரேலுக்கு வெளியே மரபாக இருப்பவர்கள் இரண்டாம் இரவிலும், வீட்டில் நடத்தும் சடங்கு விருந்துக்குத்தான் செடர் என்று பெயர். ‘ஒழுங்கு’ என்று பொருள். இது ஜெப ஆலயத்தில் நடப்பதில்லை, நடத்திவைக்கக் குருவும் தேவையில்லை. சாப்பாட்டு மேசையும், அந்த இரவில் வாசிக்கும் ஹகாடா என்ற புத்தகமும் இருந்தால் போதும். பதினைந்து படிகள், நான்கு கோப்பை திராட்சை ரசம், மாட்சா என்ற புளிக்காத அப்பம், கசப்பு, கதை, சாப்பாடு, பாட்டு. நான் கும்பகோணத்துக்காரி, கணவர் யூதர். ஹைலண்ட் பார்க்கில் இருக்கிறோம். இந்தப் பக்கம் எடிசனுக்குப் போனால் இட்லி அரிசி, வீட்டுக்குப் பக்கத்திலேயே யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் கடை. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே தெரு மாதிரிதான்.

பெரியவன் தூங்கிப்போன அந்த வாரமே மாமனார், யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூதில் ‘பெசாகிம்’ பகுதியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். (மாமியாரை அத்தை என்றும் இவரை மாமா என்றும்தான் கூப்பிடுகிறேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார்கள்.) “பிள்ளை தூங்கிவிடுமே என்ற கவலை உனக்கு மட்டும் வந்ததில்லை” என்று சொல்லி இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று, ரபி அகிவா பெசாக்குக்கு முந்தின மாலையில் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். எதற்கு? தூங்காமல் இருக்கவும், கேள்வி கேட்கவும். நம்மூர் பொரிகடலையேதான் என்று நினைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஞானி, மடியில் கடலையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடுவில் நிற்கும் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டாவது இன்னும் நல்ல கதை. அபாயே என்ற சிறுவன், பெற்றோரை இழந்தவன், தன்னை வளர்த்த ரபாவின் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் முன்னும் சின்னச் சின்ன மேசை. சாப்பாடு தொடங்குவதற்கு முன்பே ரபாவின் முன்னால் இருந்த மேசையைத் தூக்குகிறார்கள். பையன் பதறிப்போய், “நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் மேசையை எடுக்கிறீர்களே!” என்கிறான். ரபா சொல்கிறார்: “மா நிஷ்தனா சொல்லும் வேலையை எங்களுக்கு மிச்சப்படுத்திவிட்டாய்.” அதாவது, மேசையை எடுத்ததே அவன் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். அவன் தன் சொந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான், இனி மனப்பாடக் கேள்வி எதற்கு?

அடுத்த ஆண்டிலிருந்து முதல் இரவு மாமனார் வீட்டில், பெரியவர்களின் முறைப்படி. இரண்டாம் இரவு எங்கள் வீட்டில், மாலை ஐந்தரைக்கு, வெளியே வெயில் இருக்கும்போதே. கறாராகப் பார்த்தால் அது சரியில்லை. மாமனார் அதைச் சொல்லவும் செய்தார், சொல்லிவிட்டு ஐந்தரைக்கு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பண்டிகை எங்கள் வீட்டில் உண்மையில் தொடங்குவது சமையலறை அலமாரியில். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் இந்த ஐந்து தானியத்தில் செய்து புளித்தது எதுவும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே கணக்கு முடிந்தது. மாட்சாவை அதற்குள் பிசைந்து சுட்டெடுத்துவிடுவார்கள். ரவை, மைதா, சேமியா, சப்பாத்தி மாவு இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெருங்காயத்தை எதிர்பார்க்கவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! அது இல்லாமல் ஒரு வாரம் ரசம் வைத்தேன். பூண்டைக் கூடுதலாகத் தட்டிப்போட்டுச் சமாளித்தேன்.

முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி, ஓர் இறகு, ஒரு மரக்கரண்டியோடு வீடு முழுக்கத் தேட வேண்டும். தேடுபவர்கள் ஏமாந்துபோகாமல் இருக்க, பத்து ரொட்டித் துண்டுகளை நாங்களே காகிதத்தில் சுற்றி ஒளித்துவைப்போம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் தோட்டத்தில் போட்டு எரிப்பது. முதல் தடவை அந்தப் புகை மேலே போவதைப் பார்த்தபோது, போகியன்று விடியற்காலையில் வாசலில் பாயை எரித்த வாசனை அப்படியே மூக்கில் வந்தது. பெரியவனிடம் போகியைப் பற்றிச் சொன்னேன். “அப்போ நம்ம வீட்ல ரெண்டு தடவை எரிக்கறோம்” என்றான்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. மாமனார் மாமியார் கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி யூதர்கள். அவர்களிடம் பல நூற்றாண்டுகளாக இந்த நாட்களில் அரிசி, பருப்பு, பயறு எதுவும் கிடையாது. ஸ்பெயின் வழிவந்த ஸெஃபார்டி யூதர்களில் பலருக்கு அரிசி உண்டு. 2015இல் அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் என்ற யூத மதப் பிரிவின் சட்டக்குழுவும் அஷ்கெனாஸிகள் இவற்றைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. தல்மூதிலேயே ராவ் ஹுனா என்பவர், செடர் தட்டில் வைக்கும் இரண்டு சமைத்த பண்டங்கள் பீட்ரூட்டும் சோறுமாக இருக்கலாம் என்கிறார். இதைப் படித்த அன்று அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். இருந்தாலும் மாமியார் வரும் இரவில் எங்கள் மேசையில் சோறு இருக்காது. பீட்ரூட் இருக்கும், ஆட்டெலும்புக்குப் பதிலாக. நான் சைவம் என்பதால் தட்டில் எலும்பு வைக்க வேண்டாம் என்று அதைக் கொண்டுவந்ததே மாமியார்தான்.

சரி, பிள்ளைகளோடு நடத்துவதற்கு வருகிறேன். நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், பசியோடு இருக்கும் பிள்ளைக்குக் கதை ஏறாது. செடரில் சாப்பாடு மிகவும் பிந்தித்தான் வரும். ஆனால் மூன்றாவது படியான கார்பாஸில், மண்ணில் விளைந்த ஒரு காயையோ கீரையையோ உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட வேண்டும். வழக்கமாக ஒரு சிட்டிகை பார்ஸ்லி. உருளைக்கிழங்கு வைப்பவர்களும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். அவித்த உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரி, செலரி என்று ஒரு பெரிய தாம்பாளம் நிறைய வைத்துவிடுகிறேன். கதை முடியும்வரை தாம்பாளம் மேசையிலேயே இருக்கும். உப்புத் தண்ணீர் அடிமைகளின் கண்ணீர் என்று சொன்னதும் சின்னவள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, “ஆமா, அழுதா இப்படித்தான் இருக்கும்” என்று ஒத்துக்கொண்டாள்.

ஹரோசெத் இருவருக்கும் சேர்ந்த வேலை. செங்கல் சூளையில் வேலை செய்தவர்களின் சாந்துக்கு அடையாளமாக ஓர் இனிப்பு. ஆப்பிளைத் துருவி, அக்ரூட்டை இடித்து, பட்டைத்தூள், திராட்சை ரசம் சேர்ப்போம். ஈராக்கிய யூதர்கள் பேரீச்சம் பாகில் செய்வார்கள். நான் ஊரிலிருந்து தூக்கிவந்த கல் இடி உரலில்தான் எங்கள் அக்ரூட் இடிபடும். பெரியவன் உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான், சின்னவள் உரலின் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். துண்டு தெறித்தால் அது தரையைத் தொடுவதற்குள் அவள் வாய்க்குப் போய்விடும்.

கதையை ஹகாடாவிலிருந்து முழுவதும் வாசிப்பதில்லை. நடிக்கிறோம். ஈராக்கிய யூதர் வீடுகளில் ஒரு பிள்ளை துணியில் கட்டிய மாட்சாவைத் தோளில் போட்டுக்கொண்டு வர, “எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்பார்கள். “எகிப்திலிருந்து.” “எங்கே போகிறாய்?” “எருசலேமுக்கு.” இதைக் கேள்விப்பட்டதும் எடுத்துக்கொண்டோம். கடல் பிளந்து வழிவிடும் காட்சியில் கடலுக்கு என் நீலச் சுங்குடிப் புடவை. ஒரு முனையைக் கணவர் பிடிப்பார், மறுமுனையை மாமனார். தரையோடு ஆட்டினால் அலை. மோசே கோலை நீட்டியதும் (கோல் என்பது துடைப்பக் குச்சி) இருவரும் ஆளுக்கொரு பாதியாகச் சுருட்டிக்கொண்டு விலகுவார்கள். பிள்ளைகள் பொம்மைகளை அள்ளிக்கொண்டு நடுவில் ஓடுவார்கள். சின்னவள் ஒவ்வொரு வருஷமும் பாதிக் கடலில் நின்று திரும்பிப் பார்ப்பாள், யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று.

தமிழில் கதை சொல்லும்போதுதான் எனக்கு ஓர் இடத்தில் நா எழவில்லை. நான்கு கேள்விகளுக்கான பதில் ‘அவாதிம் ஹாயினு’ என்று ஆரம்பிக்கும்: எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம். எபிரேயத்தில் ஒரே ‘இருந்தோம்’தான், நம் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு அங்கே இல்லை. தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘நாங்கள் அடிமைகளாக இருந்தோம்’ என்றால் கேட்கும் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறேன். ‘அவர்கள் இருந்தார்கள்’ என்றால் அது வெறும் கதை. ‘நாம்’ என்று சொல்ல, காவிரிக்கரையில் பிறந்த எனக்கு என்ன உரிமை? ஹகாடாவில் நான்கு வகைப் பிள்ளைகள் வருவார்கள். அதில் பொல்லாத பிள்ளை, “இந்தச் சடங்கெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்று கேட்பான். அவன் செய்த ஒரே தப்பு அந்த ‘உங்களுக்கு’தான், தன்னை வெளியே எடுத்துவிட்டான். இந்த மேசையில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை யோசித்தேன்.

பண்டிகை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் இதைக் கேட்டேன். நாம், நாங்கள் வேறுபாட்டை விளக்க ஒரு காபி ஆறும் நேரம் பிடித்தது. இரண்டு சொல்லையும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஹகாடாவைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக நினைக்க வேண்டும் என்ற வரியைக் காட்டினார். அப்புறம் பைபிளில் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தார். இஸ்ரவேலரோடு வேறு பல இனத்து மக்களும் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள் என்று அங்கே ஒரு வசனம் இருக்கிறது. அதில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன் மொழியில் இந்த வித்தியாசம் இருப்பது எவ்வளவு நல்லது! ‘நாம்’ என்றே சொல்லம்மா.” அந்த ‘நாம்’ மட்டும் தமிழில் சொன்னார். ஹகாடாவின் ஓரத்தில் பென்சிலால் அதை எபிரேய எழுத்தில் எழுதிவைத்தார். நூன், அலெஃப், மெம். இப்போதும் அங்கே இருக்கிறது.

பார்வோன் இஸ்ரவேலரை விட மறுத்தபோது எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளில் தவளைக்கும் வெட்டுக்கிளிக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் கிடைக்கின்றன, அவற்றில் கஷ்டம் ஒன்றுமில்லை. பத்தாவதுதான் கஷ்டம். எகிப்தியரின் தலைச்சன் பிள்ளைகள் சாவது. 2024இல் பெரியவனுக்கு ஆறு வயது, கேட்டுவிட்டான்: “நானும் மூத்தவன்தானே?” மேசையில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். இந்த இடத்தை மழுப்பிச் சொல்லும் குழந்தைகள் புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆறு வயதில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நேராகத்தான் பதில் சொல்ல வேண்டும். மாமனார் சொன்னார்: “நானும் மூத்தவன்தான். அதனால்தான் நேற்றுப் பகல் முழுக்க நான் சாப்பிடவில்லை.” மூத்த ஆண்கள் பெசாக்குக்கு முந்தின பகலில் நோன்பிருக்கும் வழக்கம் உண்டு. “அந்தப் பிள்ளைங்க எல்லாம் கெட்டவங்களா?” “இல்லை.” “அப்போ?” மாமனார் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கோப்பையிலிருந்து விரலால் ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் வைப்பது வழக்கம். மற்றவர்கள் துன்பப்பட்டுக் கிடைத்த விடுதலையில் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். பெரியவன் பத்தாவது சொட்டை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு சொட்டும் வைத்தான்.

சின்னவள் அந்த நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை மாதிரி இருந்தாள், கேட்கவே தெரியாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு “நீ தொடங்கிவை” என்கிறது ஹகாடா. அந்த ‘நீ’க்கு அங்கே எபிரேயத்தில் பெண்பால் சொல் நிற்கிறது என்று பழைய உரைகாரர்களே கவனித்திருக்கிறார்கள். எனக்கு அது என்னைப் பார்த்துச் சொன்னது போலிருந்தது. நான் என்ன செய்தேன்? அபாயே கதையைச் செய்தேன். 2025 ஏப்ரல் 13, அவளுக்கு நான்கு வயது. காய்த் தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சமையலறைப் பக்கம் நடந்தேன். இரண்டு அடி வைத்திருப்பேன். “அம்மா, நான் இன்னும் முடிக்கலை! ஏன் எடுத்துட்டுப் போறே?” மாமனார் மேசையைத் தட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்து, இன்னொரு தடவை கேட்டாள்.

அப்புறம் அண்ணனும் தங்கையுமாக மா நிஷ்தனாவை எபிரேயத்தில் பாடிவிட்டுத் தமிழிலும் சொன்னார்கள்: “மற்ற எல்லா ராத்திரியையும் விட இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?” எபிரேயம், ஆங்கிலம், தமிழ், மாமியாருக்குத் தெரிந்த, அஷ்கெனாஸிகளின் பேச்சுமொழியான யித்திஷ். நான்கு மொழியில் ஒரே கேள்வி.

கடைசிப் பாட்டு ‘ஹத் கத்யா’, ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. 1590இல் பிராகில் அச்சான ஹகாடாவிலேயே இருக்கிறது. அப்பா இரண்டு காசுக்கு வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைக் கோல் அடிக்க என்று நீண்டுகொண்டே போகும். அரமேயத்திலும் அப்பா ‘அபா’தான். அந்தச் சொல் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் கணவர் பக்கம் விரலை நீட்டிக் கத்துவார்கள்.

ஆனால் அந்த இரவு சின்னவள் அந்தப் பாட்டு வரை தாங்கவில்லை. செடரின் தொடக்கத்தில் நடு மாட்சாவை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அஃபிகோமன் என்று எடுத்துவைப்பார்கள். கடைசியாகச் சாப்பிட வேண்டியது அதுதான், அதற்குப் பிறகு வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. சில வீடுகளில் பெரியவர்கள் ஒளித்துவைத்துப் பிள்ளைகள் தேடுவார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் திருடி ஒளித்துவைப்பார்கள், பெரியவர்கள் பரிசு கொடுத்து மீட்க வேண்டும். அன்றைக்குத் திருடும் முறை சின்னவளுடையது. ஒளித்துவைத்துவிட்டு வந்து, சூப்பில் இருந்த மாட்சா உருண்டையைப் பாதி தின்றபடியே சோபாவில் படுத்தவள் தூங்கிவிட்டாள். எங்கே வைத்தாள் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. பியானோவுக்கு அடியில், மெத்தைக்கு அடியில், பூஜை அலமாரியில் எல்லாம் பார்த்தோம். மணி ஒன்பதானது. தொலைந்துபோனால் வேறு மாட்சா சாப்பிடலாம் என்று மாமனார் சொன்னார். ஆளுக்கொரு துண்டு தின்று, வழக்கப்படி எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறந்து மூடி, மெதுவான குரலில் பாடி முடித்தோம். காலையில் அவளைக் கேட்டால், “பத்திரமா வச்சேன்” என்றாள். எங்கே என்பது அவளுக்கும் நினைவில்லை.

ஜூனில் ஒரு மழைநாள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மஞ்சள் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டவள் நின்றுவிட்டாள். உள்ளே கையை விட்டு இழுத்தாள். வெள்ளைத் துணி நாப்கின், நான்காக மடித்தது. பிரித்தால் அஃபிகோமன், ஓரம் மட்டும் கொஞ்சம் நொறுங்கியிருந்தது. புளிக்காத அப்பம் சீக்கிரம் கெட்டுப்போவதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அம்மா, இதை இப்போ சாப்பிட்டா செடர் முடிஞ்சிடுமா?”

“ஏன், முடிய வேண்டாமா?”

தலையை ஆட்டினாள். மறுபடி நான்காக மடித்து என்னிடம் நீட்டினாள். மொராக்கோவிலும் குர்திஸ்தானிலும் அஃபிகோமனில் ஒரு துண்டைக் காப்பாக வைத்துக்கொள்ளும் யூதர்கள் இருந்திருக்கிறார்கள் என்று மாமனார் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. பூஜை அலமாரியில் அம்மா கொடுத்த குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குள் பள்ளிப் பேருந்து போய்விட்டது.